பதிவுத்தாளில் விடுபட்ட பெயர்: பினோதினி அரங்கின் வரலாறு

அன்புள்ள தம்பிக்கு,

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் உங்கள் நாடகக் குழு பழுதுபார்த்து வரும் பழைய பொது மண்டபத்தின் மேடைக்கு, அறுபதுகளில் நம் தோட்டத்து நாடகங்களில் முதன்முதலாகப் பெண் வேடத்தைப் பெண்ணாகவே ஏற்று நடித்த பாட்டியம்மாவின் பெயரைச் சூட்டலாம் என்று நீங்கள் முன்மொழிந்ததையும், கூட்டத்தில் பெரியவர்கள் சிலர் "கூத்தாடியவள் பெயரையா சுவரில் எழுதுவது, உலகத்தில் எங்கே இப்படி உண்டு?" என்று மறுத்ததையும் எழுதியிருந்தீர்கள். கொல்கத்தாவின் ஸ்டார் தியேட்டருக்குப் பினோதினி தாசி என்ற நாடக நடிகையின் பெயரை வைத்திருக்கிறார்கள் என்று உங்களில் ஒருவர் சொன்னாராம். அது உண்மையா, அவர் நடித்த அரங்கு அதுதானா, பெயர் விஷயத்தில் அவர் முன்பு ஏமாற்றப்பட்டார் என்கிறார்களே அது என்ன என்று கேட்டிருக்கிறீர்கள்.

பெயர் வைக்கப்பட்டது உண்மை. 2024 டிசம்பர் 30 அன்று மேற்கு வங்க முதலமைச்சர் மம்தா பானர்ஜி அதை அறிவித்தார். ஆனால் இன்று அந்தப் பெயரைத் தாங்கி நிற்கும் கட்டடத்தில் பினோதினி ஒரு நாள்கூட நடித்ததில்லை. அவர் ஏமாற்றப்பட்டார் என்பதும் உண்மை. அதை அவரே தம் தன்வரலாற்றில் எழுதி வைத்திருக்கிறார். இவற்றைச் சற்று விரிவாகச் சொன்னால்தான் நம் மேடையைப் பற்றிய உங்கள் வாதத்துக்குப் பயன்படும்.

கல்கத்தாவில் பணக்காரர் வீட்டு முற்றங்களில் அழைப்பின்பேரில் மட்டுமே நடந்துவந்த வங்க நாடகம், சீட்டு வாங்கியவர் எவரும் பார்க்கலாம் என்ற நிலைக்கு 1872 டிசம்பர் 7 அன்று வந்தது. அன்று நேஷனல் தியேட்டர் என்ற குழுவினர் மேடையேற்றிய நாடகம் தீனபந்து மித்ரா எழுதிய 'நீல் தர்ப்பண்'. அவுரித் தோட்டத் துரைமார்கள் வங்கக் குடியானவர்களை அடித்தும் சிறைவைத்தும் அவுரி பயிரிடச் செய்த கொடுமையைச் சொல்லும் நாடகம் அது. தோட்டத்துப் பிள்ளைகளான நாம் இதைக் கேட்டதும் சற்று நின்றுதான் போவோம். பயிர்தான் வேறு; துரை, கங்காணி, அடி, கடன் என்ற சொற்கள் நம் தாத்தாமார் காலத்துப் பால்மரக் காட்டிலும் இருந்தவைதாம். பொது நாடகமேடையின் முதல் இரவே ஒரு தோட்டத்தின் கதையோடு தொடங்கியது என்பதை உங்கள் குழுவினருக்குச் சொல்லுங்கள்.

அந்த முதல் இரவில் மேடையில் பெண்கள் இல்லை. நம் தோட்டத்து நாடகங்களைப் போலவே ஆண்கள்தாம் ஸ்திரீபார்ட் கட்டினார்கள். 1873 ஆகஸ்டில் பெங்கால் தியேட்டர் என்ற மற்றொரு குழு, மைக்கேல் மதுசூதன் தத்தரின் 'சர்மிஷ்டா' நாடகத்துக்காக நான்கு பெண்களை வேலைக்கு அமர்த்தியது. நால்வரும் பரத்தையர் குடியிருப்புகளிலிருந்து வந்தவர்கள், ஏனென்றால் வேறு எந்தக் குடும்பமும் தன் பெண்ணை மேடைக்கு அனுப்பாத காலம் அது. இதை ஏற்க மனமில்லாமல் அந்தக் குழுவின் ஆலோசனைச் சபையிலிருந்து விலகிக்கொண்டவர் யார் தெரியுமா? ஈசுவர சந்திர வித்யாசாகர். விதவைகள் மறுமணம் செய்துகொள்ள 1856-இல் சட்டம் வரப் பாடுபட்ட அதே பெருமகன்தான். உங்கள் கூட்டத்தில் மறுப்புச் சொன்ன பெரியவர்கள் மீது கோபப்பட வேண்டாம் என்று நான் சொல்வது இதனால்தான். பெண்களுக்காக வாழ்நாள் முழுவதும் போராடிய ஒருவருக்கே நடிகை என்ற சொல்லைத் தாண்டி வர முடியவில்லை.

பினோதினி 1863-இல் கல்கத்தாவில் கார்ன்வாலிஸ் தெருவில் ஓர் ஏழை வீட்டில் பிறந்தார். அந்த வீட்டில் குடியிருந்த கங்காபாய் என்ற பாடகியிடம் பாட்டுப் பயின்றார். வறுமை முற்றியபோது, 1874-இன் இறுதியில், பதினோரு பன்னிரண்டு வயதில், மாதம் 10 ரூபாய் சம்பளத்துக்கு கிரேட் நேஷனல் தியேட்டரில் சேர்க்கப்பட்டார். முதல் வேடம் திரௌபதியின் தோழி; பேச்சு சில வரிகள்தாம். அடுத்த ஆண்டே குழு வடநாட்டுப் பயணம் புறப்பட்டபோது அந்தச் சிறுமியும் உடன் சென்றார். லக்னோவில் 'நீல் தர்ப்பண்' நடந்த இரவில், குடியானவன் ஒருவன் கொடுமைக்காரத் துரையைப் பிடித்து அடிக்கும் காட்சி வந்ததும், பார்க்க வந்திருந்த வெள்ளையர்கள் கொதித்தெழுந்து மேடையை நோக்கிப் பாய்ந்தனர்; நாடகம் நின்றது; நடிகர்கள் நடுங்கிப்போய் மூட்டை கட்டினார்கள். அந்த இரவின் பயத்தைப் பினோதினி பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். 1876-இல் ஆங்கில அரசு நாடகங்களைத் தடைசெய்யும் அதிகாரம் தரும் சட்டத்தைக் கொண்டுவந்ததற்கு இத்தகைய மேடைகளின் மீதான அச்சமும் ஒரு காரணம்.

கிரீஷ் சந்திர கோஷ் என்ற நாடகாசிரியரிடம் பயிற்சி பெறத் தொடங்கிய பிறகுதான் பினோதினி பெரும் நடிகையானார். கிரீஷ் நம் பக்கத்து நாடக வாத்தியார்களைப் போல எழுதுவார், நடிப்பார், கற்பிப்பார், குழுவையும் நடத்துவார். உலகத்துப் பெரிய நடிகைகளின் கதைகளையும் கவிதைகளையும் பினோதினிக்குச் சொல்லிக்கொடுத்து, ஒரு பாத்திரத்தை உள்ளிருந்து யோசிக்கப் பழக்கினார். 'மேகநாத வதம்' நாடகத்தில் சீதை, பிரமீளை, ரதி, மாயை உட்பட ஏழு வேடங்களைப் பினோதினி ஒருவரே ஏற்றார். உடை மாற்றுவது அல்ல இதில் அருமை. ஏழு பெண்களும் ஏழு பேராகத் தெரிய வேண்டும். பின்னர் அவர்கள் நடித்த அரங்கு பிரதாப்சந்த் ஜஹுரி என்ற வணிகரின் கைக்கு வந்தது. விடுப்பில் சென்ற காலத்துக்குச் சம்பளம் தர அவர் மறுத்ததில் மனம் கசந்தது. சொந்த அரங்கு ஒன்று வேண்டும் என்ற எண்ணம் குழுவினர் எல்லார் மனத்திலும் அப்போதுதான் வலுப்பெற்றது.

இனி வருவதுதான் கதையின் நடுமுள். குர்முக் ராய் என்ற இளம் செல்வந்தர் அரங்கு கட்டப் பணம் தர முன்வந்தார். அதற்குப் பதிலாகப் பினோதினி தம் பாதுகாப்பில் வந்து வாழ வேண்டும் என்று கேட்டார். அப்போது பினோதினி வேறொரு செல்வரின் ஆதரவில் இருந்தார். அவரை விட்டு வர பினோதினி தயங்கினார். உடன் நடித்தவர்கள் ஒவ்வொருவராக வந்து கெஞ்சினார்கள். நீ மனம் வைத்தால் நமக்கு ஓர் அரங்கு கிடைக்கும் என்றார்கள். ஆசான் கிரீஷும் அதையே சொன்னார். பழைய ஆதரவாளர் செய்தி கேட்டு வெகுண்டு, ஒரு நாள் அதிகாலையில் வீட்டுக்குள் புகுந்து பினோதினி மீது வாளை ஓங்கினார். அவர் விலகிக்கொள்ள, வாள் ஆர்மோனியத்தின் மேல் இறங்கியது. இவ்வளவுக்கும் பிறகு குர்முக் ராயே மனம் மாறி, அரங்கு எல்லாம் எதற்கு, உனக்கு 50,000 ரூபாய் கையில் தந்துவிடுகிறேன் என்றபோது, பினோதினி அந்தப் பணத்தை மறுத்தார். அரங்கு கட்டித் தந்தால்தான் உறவு என்று உறுதியாக நின்றார். மாதம் 10 ரூபாய்க்கு மேடையேறிய பெண், 1883-இல் 50,000 ரூபாயை வேண்டாம் என்று தள்ளிவிட்டு ஒரு கட்டடத்தைக் கேட்டார். இதை எத்தனை முறை படித்தாலும் எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்கிறது.

பீடன் தெரு 68-ஆம் எண் மனையில் வேலை தொடங்கியது. பகலில் ஒத்திகை, அது முடிந்ததும் கட்டட வேலை. அரங்கின் உள்பள்ளத்தை நிரப்பப் பினோதினி தாமே கூடையில் மண் சுமந்து கொட்டினார்; வேலை விரைந்து முடிய வேண்டும் என்பதற்காகக் கூடைக்கு இவ்வளவு சோழி என்று கணக்கு வைத்து ஆட்களுக்குக் கூலியும் கொடுத்தார். அந்த நாள்களில் தோழர்கள் அவரிடம் ஒரு வாக்குத் தந்திருந்தார்கள்: இந்த அரங்கின் பெயர் உன் பெயரோடு சேர்ந்திருக்கும், உன் பெயரின் முதல் எழுத்தைக் கொண்டு 'பி தியேட்டர்' என்று அழைக்கப்படும், நீ இறந்த பிறகும் உன் பெயர் நிற்கும் என்றார்கள். தோழர்கள் அரங்கைப் பதிவு செய்யப் புறப்பட்டுச் சென்றபோதும் அவர் அதையே நம்பியிருந்தார். திரும்பி வந்தவர்களிடம் ஆவலோடு, என்ன பெயரில் பதிந்தீர்கள் என்று கேட்டார். தாசுசரண் நியோகி என்ற தோழர், 'ஸ்டார்' என்றார். அதைக் கேட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டதாகவும், இரண்டு நிமிடம் பேச்சு வரவில்லை என்றும், பிறகு மனத்தை அடக்கிக்கொண்டு 'நல்லது' என்று மட்டும் சொன்னதாகவும் பினோதினி எழுதியிருக்கிறார்.

ஏன் அப்படிச் செய்தார்கள்? பரத்தையர் குலத்துப் பெண்ணின் பெயரைத் தாங்கிய அரங்குக்குக் கண்ணியமானவர்கள் வரமாட்டார்கள் என்ற அச்சம் அவர்களுக்கு இருந்தது என்பது பொதுவாகச் சொல்லப்படும் காரணம். அந்தப் பெண்ணின் உழைப்பில் எழுந்த சுவர், அந்தப் பெண் நடிக்கும் மேடை, அந்தப் பெண்ணுக்காக வந்த பணம் ஆகிய மூன்றும் கண்ணியக் குறைவாகத் தோன்றாமல், பெயர்ப்பலகை மட்டும் கண்ணியக் குறைவாகத் தோன்றியது என்றால், அந்த அச்சத்தை நாம் நியாயமென்று கொள்ள முடியாது. பினோதினிக்கு இன்னொரு வலியும் இருந்தது. அரங்கு எழுந்த பிறகு தம்மையே குழுவிலிருந்து விலக்கவும் முயற்சி நடந்தது என்று அவர் எழுதுகிறார்.

1883 ஜூலை 21 அன்று ஸ்டார் தியேட்டர் திறக்கப்பட்டது. முதல் நாடகம் 'தக்ஷ யக்ஞம்'. கிரீஷ் தக்கனாகவும் பினோதினி சதியாகவும் நடித்தார்கள். தக்கன் வேள்விக் கதையை நம் மாரியம்மன் திருவிழாக் கூத்துகளில் விடிய விடியப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்தப் பாத்திரப் பொருத்தம் சட்டென்று விளங்கும். அழைப்பில்லாத வேள்விக்குப் போய், தந்தையின் சபையில் தன் கணவனுக்கு இடமில்லை என்று கண்டு நெருப்பில் விழுகிறாள் தாட்சாயணி. அன்று மாலை அந்த வேடத்தைக் கட்டிக்கொண்டு நின்றவருக்கு, தாம் மண் சுமந்த மண்டபத்தின் வாசலில் தம் பெயர் இல்லை.

குடும்பத்தாரின் நெருக்குதலாலும் உடல்நலக் குறைவாலும் குர்முக் ராய் சில காலத்திலேயே அரங்கை விட்டுவிட முடிவெடுத்தார். அதில் ஒரு பங்கைப் பினோதினிக்கே எழுதிவைக்க அவர் விரும்பினார். உரிமையாளர் ஆவதன் தொல்லை நமக்கு எதற்கு என்று கிரீஷ் பினோதினியின் தாயாருக்கு எடுத்துச் சொல்லித் தடுத்துவிட, அமிர்தலால் பாசு, தாசுசரண் நியோகி உள்ளிட்ட நான்கு பேருக்கு 11,000 ரூபாய்க்கு அரங்கு விற்கப்பட்டது. கிரீஷை நான் மிகவும் மதிக்கிறேன். வங்க நாடகத்தில் அவருக்கு இணையில்லை. ஆயினும் தம் மாணவியின் கைக்கு வரவிருந்த பத்திரத்தை அவர் தட்டிவிட்டார் என்பதை மறைத்து எழுத எனக்கு மனமில்லை. பெயர் போன அன்று பினோதினி இழந்தது பெருமையை. பத்திரம் போன அன்று இழந்தது அந்த அரங்கில் தம் சொல்லுக்கு இருந்திருக்கக்கூடிய கனத்தை.

அதன்பின் வந்த ஆண்டுதான் அவருடைய புகழின் உச்சி. 1884 ஆகஸ்டில் மேடையேறிய 'சைதன்ய லீலை'யில் அவர் சைதன்ய மகாபிரபுவாக நடித்தார். ஒரு பெண், அதிலும் சமூகம் ஒதுக்கிவைத்த பெண், வைணவர்கள் அவதாரமாகவே வணங்கும் துறவியின் வேடம் ஏற்றார். நாடக நாளன்று விடியலில் கங்கையில் நீராடி, துர்க்கையின் பெயரை 108 முறை எழுதி, மகாபிரபு எனக்குக் கைகொடுக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு அவர் மேடையேறினார். அந்த ஆண்டு செப்டம்பர் 21 அன்று தட்சிணேசுவரத்திலிருந்து ஸ்ரீராமகிருஷ்ணர் நாடகம் பார்க்க வந்தார். பார்க்கும்போதே பலமுறை தம்மை மறந்த நிலைக்குப் போனார். எப்படி இருந்தது என்று கேட்டவர்களிடம், அசலும் நகலும் ஒன்றாகவே கண்டேன் என்றார். காலில் விழுந்த பினோதினியை, உனக்குச் சைதன்யம், அதாவது உள்விழிப்பு, உண்டாகட்டும் என்று வாழ்த்தினார். வங்க நாடகக் கொட்டகைகளின் ஒப்பனை அறைகளில் இன்றளவும் ராமகிருஷ்ணரின் படம் மாட்டப்பட்டிருப்பதற்கு வேர் அந்த மாலையில் இருக்கிறது. மறு ஆண்டு அவர் நோயுற்றுச் சியாம்புகூரில் இருந்தபோது, நடிகையை உள்ளே விடமாட்டார்கள் என்பதால், பினோதினி கோட்டும் தொப்பியும் அணிந்து துரை வேடத்தில் சென்று அவரைத் தரிசித்துவிட்டு வந்தார். அவர் வாழ்நாளில் கட்டிய வேடங்களில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

1887-ஆம் ஆண்டின் தொடக்கத்தோடு, இன்னும் இருபத்து நான்கு வயதுகூட நிறையாத நிலையில், பினோதினி மேடையை விட்டு விலகினார். பிறகு திரும்பவே இல்லை. மகளைப் பள்ளியில் சேர்க்க முயன்றபோது, தாய் யார் என்று அறிந்து இடம் மறுக்கப்பட்டது. அந்தக் குழந்தையும் பதின்மூன்று வயதளவில் இறந்துபோனாள். அவர் கவிதை எழுதினார். 1912-இல் 'அமார் கதா', அதாவது 'என் கதை', வெளிவந்தது. இதற்கு முன்னுரை எழுதித் தருமாறு கிரீஷைக் கேட்டுக்கொண்டவர், வந்த முன்னுரை உண்மை முழுவதையும் சொல்லவில்லை என்று அதைத் திருப்பி எழுதித் தரக் கேட்டார். சுடும் உண்மைகளை நயமாகச் சொல்ல வேண்டும் என்பது ஆசானின் கருத்து. நடந்தது நடந்தபடி வர வேண்டும் என்பது மாணவியின் கருத்து. அவர் திருத்தித் தருவதற்குள் அந்த ஆண்டு பிப்ரவரியில் கிரீஷ் காலமானார். பினோதினி 1941 வரை வாழ்ந்தார். பெயர் மாற்றப்பட்ட கதையை நாம் அறிந்திருப்பது இந்தப் பிடிவாதத்தால்தான். அவர் எழுதாமல் விட்டிருந்தால் ஸ்டார் என்பது ஏதோ அழகான பெயர் என்றே நாம் எண்ணியிருப்போம்.

இனி உங்கள் மற்றொரு கேள்வி, அதே கட்டடமா என்பது. பீடன் தெரு அரங்கு இருந்த இடத்தைக் கோபால் லால் சீல் என்ற பணக்காரர் 1887-இல் 30,000 ரூபாய்க்கு வாங்கினார். ஆனால் ஸ்டார் என்ற பெயரைக் குழுவினர் விற்கவில்லை. அதைத் தங்களோடு எடுத்துச் சென்றார்கள். பெயரின் மதிப்பு அவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது! சீல் அங்கே எமரால்ட் தியேட்டரை நடத்தினார். கிரீஷ் அவரிடம் பணிக்குச் சேர்ந்து, முன்பணமாகப் பெற்ற 20,000 ரூபாயில் 16,000 ரூபாயைப் பழைய தோழர்கள் புது அரங்கு கட்டக் கொடுத்தார். அந்தத் தியாகத்தையும் சொல்லத்தான் வேண்டும். பிறகு அதே இடத்தில் கிளாசிக் தியேட்டர் வந்தது. இன்னும் சில கைகள் மாறின. கடைசியில் இன்று சித்தரஞ்சன் அவென்யூ எனப்படும் அகன்ற சாலைக்காக அந்தக் கட்டடம் இடிக்கப்பட்டது. பினோதினி கூடை கூடையாகக் கொட்டிய மண்ணின் மேல் இப்போது வண்டிகள் ஓடுகின்றன.

புதிய ஸ்டார், ஹாத்திபாகானில், கார்ன்வாலிஸ் தெருவில், 1888 மே மாதம் திறக்கப்பட்டது. பினோதினி விலகி ஓராண்டுக்கு மேல் ஆகியிருந்தது. விவேகானந்தர் தலைமையேற்க, சகோதரி நிவேதிதா கல்கத்தா மக்கள்முன் முதன்முதலாகப் பேசியது 1898 மார்ச் 11 அன்று இந்த அரங்கில்தான். 1950களில் உத்தம் குமாரும் சாவித்திரி சட்டர்ஜியும் நடித்த 'சியாமளி' இங்கே 480 தடவைக்கு மேல் நடந்தது. 1991-இல் தீப்பிடித்து உள்பகுதி எரிந்துபோனது. கொல்கத்தா மாநகராட்சி அதைப் பழைய முகப்போடு திரும்பக் கட்டி 2004-இல் திறந்தது. அதன்பின் பெரும்பாலும் திரைப்படங்களே அங்கே காட்டப்பட்டு வந்தன. சில ஆண்டுகளுக்கு முன் கொல்கத்தா போயிருந்தபோது அந்த முகப்பின் முன் நின்று, அங்கே அவர் பெயரை எதிலாவது காண முடியுமா என்று தேடியிருக்கிறேன். இன்று போனால் தேட வேண்டியிருக்காது. 1883-இல் தந்த வாக்கு 141 ஆண்டுகள் கழித்து, அவர் மிதித்தறியாத ஒரு மேடையின் வாசலில் நிறைவேறியிருக்கிறது. அது வீண் என்று நான் சொல்லவில்லை. பிறந்தகம் இருந்த அதே தெருவில் அவர் பெயர் நிற்பது எனக்கு மகிழ்ச்சியே தருகிறது. ஆனால் வாக்குக் கொடுத்தவர்களின் காலத்திலேயே அது நிறைவேறியிருந்தால், அந்தப் பள்ளி தன் மகளைத் திருப்பி அனுப்புமுன் சற்று யோசித்திருக்குமோ என்று அவர் நினைத்திருக்கக்கூடும்.

'உலகத்தில் எங்கே உண்டு' என்ற கேள்விக்கு இன்னும் சில விடைகள். பாரிசில் 1862-இல் திறக்கப்பட்ட பெரிய அரங்கு ஒன்றை, சாரா பெர்ன்ஹார்ட் என்ற நடிகை 1899-இல் குத்தகைக்கு எடுத்துத் தம் பெயரையே சூட்டினார். ஹாம்லெட்டாகத் தாமே ஆண் வேடம் ஏற்று நடித்தார். 1915-இல் ஒரு கால் துண்டிக்கப்பட்ட பின்னும் நடிப்பை நிறுத்தவில்லை. அவர் 1923-இல் மறைந்த பிறகும் நிலைத்த அந்தப் பெயரை, ஜெர்மானியர் பாரிசைப் பிடித்திருந்த 1941-இல் நீக்கினார்கள், அவர் யூத வழி வந்தவர் என்பதற்காக. போர் முடிந்தபின் பெயர் திரும்பியது. 1968-இல் நகர அரங்கு என்று மாறியது. 2023-இல் நகர அரங்கின் பெயரோடு சாரா பெர்ன்ஹார்ட் என்பதும் சேர்ந்துகொண்டது. நியூயார்க்கில் எத்தெல் பாரிமோர் என்ற நடிகைக்காக 1928-இல் திறக்கப்பட்ட அரங்கு இன்றும் அவர் பெயரோடு நாடகம் நடத்திக்கொண்டிருக்கிறது.

அவ்வளவு தூரம் போக வேண்டாம் என்பார்கள் பெரியவர்கள். அவர்களிடம் கொடுமுடியைச் சொல்லுங்கள். அவர்கள் வீட்டு ரேடியோவில் முருகன் பாட்டாக ஒலித்துக்கொண்டே இருந்த கே.பி. சுந்தராம்பாள், சிறுமியாக நாடகக் குழுவில் சேர்ந்து இலங்கை வரை போய் நடித்தவர். கணவரும் நாடக நடிகருமான எஸ்.ஜி. கிட்டப்பா 1933-இல் மறைந்த பின் வெள்ளையுடுத்தி வாழ்ந்த அவர், 1935-இல் 'பக்த நந்தனார்' படத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் ஊதியம் பெற்றார். 1960களின் இறுதியில் சொந்த ஊரில் கே.பி.எஸ். என்ற பெயரிலேயே ஒரு திரையரங்கைக் கட்டினார். தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கும்போது அவர் குரலைக் கேட்டு அழுதவர்கள், அவரும் கூத்தாடியவர்தாம் என்பதை நினைத்துப் பார்க்கட்டும். அவருக்கும் முன்னால், கும்பகோணத்தில் பெண்களை மட்டுமே கொண்டு நாடகக் குழு நடத்திய பாலாமணி அம்மாளின் நாடகத்துக்குக் கூட்டம் ஏற்றிவந்த ரயிலுக்கே 'பாலாமணி ஸ்பெஷல்' என்று பெயர் இருந்தது. ரயிலுக்கு ஒட்டிக்கொண்ட அந்தப் பெயர் எந்தக் கட்டடத்துக்கும் ஒட்டவில்லை. இவர்கள் எல்லாரையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஒன்று தெரிகிறது: சாராவும் சுந்தராம்பாளும் குத்தகையோ மனையோ தங்கள் கையில் இருந்ததால் தங்கள் பெயரைத் தாங்களே எழுதிக்கொண்டார்கள். பினோதினியின் கையில் தாள் எதுவும் இல்லை.

நம் பாட்டியம்மாவின் கையிலும் எதுவும் இல்லை. மலாயாவில் கம்யூனிஸ்டுக் கிளர்ச்சியால் வந்த அவசரகாலத்தின் ஊரடங்கெல்லாம் முடிந்து, 1960-க்குப் பிறகு தோட்டங்களில் இரவு நாடகங்கள் மறுபடி களைகட்டியபோது, எண்ணெய்ப் பீப்பாய்களின் மேல் பலகை பரப்பி, கேஸ் விளக்கு வெளிச்சத்தில் அவர் சந்திரமதியாக நின்றதை என் சிறுவயதில் நான் பார்த்திருக்கிறேன். அதுவரை சந்திரமதிக்கு மீசை மழித்த முகந்தான். மயானக் காண்டத்தில் அவர் லோகிதாசனை மடியில் கிடத்தி ஒப்பாரி வைத்தபோது, லயம் எனப்படும் தோட்டத்து வரிசைவீடுகளின் பெண்கள் தங்கள் சொந்தச் சாவுகளை நினைத்து அழுதார்கள். மறுநாள் விடியற்காலைப் பெரட்டில், அதாவது வேலைக்கு முன் ஆள் கணக்கெடுக்கும் இடத்தில், அவர் வழக்கம்போல் உளியும் வாளியுமாக வரிசையில் நின்றார். சில வீடுகளில் அவருக்குத் தண்ணீர் கொடுக்கத் தயங்கினார்கள் என்பதும் எனக்குத் தெரியும், அந்த வீடுகளில் ஒன்று என் உறவினருடையது. பால்மரம் போய்ச் செம்பனை வந்து, லயம் இடிக்கப்பட்டு எல்லாரும் தாமான் எனப்படும் வீடமைப்புப் பகுதிக்குக் குடிபெயர்ந்தபோது, அவர் நடித்த மைதானமும் மறைந்துவிட்டது. பினோதினிக்கு நேர்ந்ததைப் போலவே, அவர் பெயரும் அவர் நடிக்காத ஒரு மேடையில்தான் நிற்கப்போகிறது. ஆனால் நம்மிடம் ஒரு வசதி இருக்கிறது. அவர் உயிரோடு இருக்கிறார், நினைவும் தெளிவாக இருக்கிறது.

ஆகையால் நீங்கள் செய்ய வேண்டியதை வரிசைப்படி சொல்கிறேன். பலகை எழுதுபவரிடம் முதலில் போகாதீர்கள். உங்கள் குழுவைச் சங்கப் பதிவிலாகாவில் பதிவு செய்யும் விண்ணப்பம் இன்னும் அனுப்பப்படவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். மேடையின் பெயரை அந்தச் சட்டவிதிகளிலேயே எழுத்தில் சேருங்கள். மண்டபக் குழுவின் கூட்டக் குறிப்பிலும் தீர்மானமாக ஏற்றுங்கள். பெயரை முதலெழுத்தாகச் சுருக்காமல் முழுதாக எழுதுங்கள். எல்லாவற்றுக்கும் முன்னால், நோட்டீசில் போட்ட பெயரா, வீட்டில் கூப்பிடும் பெயரா, எந்தப் பெயர் வேண்டும் என்று அவரையே கேளுங்கள். வரும் ஞாயிறு மாலை அவர் மகள் வீட்டில் இருப்பார் என்று விசாரித்து வைத்திருக்கிறேன். நீங்களும் அந்த மறுப்புச் சொன்ன பெரியவர்களில் ஒருவரும் வருவதாக இருந்தால், நான் ஐந்து மணிக்கெல்லாம் மண்டப வாசலில் காத்திருக்கிறேன்.